நாலு பல் வித்தியாசம்

என் அண்ணன் கடலுக்குப் போவதை நிறுத்தியதற்குக் காரணம் அவனுடைய வலது காது. பாறையில் மாட்டிய வலையை எடுக்க முங்கியபோது சவ்வு கிழிந்து சீழ் வைத்துவிட்டது. மறுபடி உப்புத் தண்ணீர் உள்ளே போனால் காது மொத்தமாகப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அடையாறு கடலில் சேருகிற இடத்துக்குத் தெற்கே இருக்கிறது எங்கள் குப்பம். அங்கே கடலுக்குப் போகாத ஆண்பிள்ளைக்குக் காலையில் செய்ய ஒன்றும் கிடையாது. மற்றவர்கள் போட்டைத் தள்ளிக்கொண்டு போன பிறகு அண்ணன் மட்டும் கரையில் நாய்களோடு நின்றுகொண்டிருப்பான்.

அப்பா அம்மா இரண்டு பேரும் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். என்னைப் படிக்க வைத்தது அவன்தான். நான் படித்து முடித்து கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராகச் சேர்ந்தபோது, அவன் அடையாறில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். பழைய வண்டி. கான்வாஸ் கூரை, பச்சைப் பெயின்ட். கான்ட்ராக்டர் புது வண்டி வாங்கியதும் அந்த ஜீப்பை அண்ணன் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டான்.

அவன் மனசில் ஒரு திட்டம் இருந்தது. எங்கள் குப்பத்தில் கடலிலிருந்து திரும்பும் ஃபைபர் போட்டுகளை ஆட்களே தோள் கொடுத்து மணலில் மேலே ஏற்றுவார்கள். ராத்திரி முழுக்கக் கடலில் இருந்துவிட்டு வந்து அதையும் செய்ய வேண்டும். ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தால் சுலபமாக வந்துவிடும் என்று அண்ணன் சொன்னான். சாதாரண வண்டி மணலில் புதைந்துவிடும். இந்த ஜீப் புதையாது. அதில் கியர் போடும் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டைக் கம்பிகள் உண்டு. ஒன்றைத் தள்ளினால் இன்ஜினின் இழுப்பு பின்சக்கரங்களோடு முன்சக்கரங்களுக்கும் போகும். இன்னொன்று வேகத்தைக் குறைத்து இழுப்பைக் கூட்டும். ‘ஃபோர் வீல் போடுறது’ என்று அதைச் சொல்வான். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வரும்.

முதல் நாள் அவன் இழுத்த போட்டு மணலில் கோடு கிழித்துக்கொண்டு மேலே வந்ததை ஊரே நின்று பார்த்தது. அன்றைக்கு எல்லோரும் அவனை ஒரு ஆளாகப் பார்த்தார்கள். அந்த வருஷமே கல்யாணமும் ஆனது. அண்ணி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பட்டினப்பாக்கத்துக்காரி. அவளுடைய தம்பியும் கொஞ்ச நாளில் எங்கள் குப்பத்துக்கே வந்து ஒரு போட்டில் பங்கு சேர்ந்துகொண்டான். கலகலப்பான பையன். காலையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கிற ஜீப்பின் கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டுதான் ஷேவ் செய்வான். அண்ணன் வண்டியில் ஏறியதும் கண்ணாடியைப் பழையபடி திருப்பிக்கொண்டே திட்டுவான். “மாமா, உன் மூஞ்ச நீ எப்பனா பாக்குறியா, நானாவது பாத்துக்கினு போறேன்” என்பான் அவன்.

கடல் தண்ணீரில் தினமும் நின்ற வண்டியை உப்பு தின்னத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்க்கிற அச்சின் உறை விரிசல் விட்டு, எண்ணெய் மணலில் ஒழுகியது. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை. அதை நடத்திய பாய்தான் எப்போதும் அண்ணனுக்கு வேலை பார்ப்பவர். உருது கலந்த தமிழில் மெதுவாகப் பேசுவார். வெல்டிங் வைத்தால் நிற்காது, உள்ளே உப்பு அரித்துவிட்டது என்று அவர் சொல்லிவிட்டார். புதுப்பேட்டையில் உடைக்க வந்த இன்னொரு ஜீப்பிலிருந்து பின் ஆக்சிலை முழுசாக எடுத்து வந்து மாட்டினார். அதே நீளம், அதே போல்ட் துளைகள், அதே சக்கரம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே கிடையாது.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்த அன்று அண்ணன் சந்தோஷமாக இருந்தான். முன்பைவிட ரோட்டில் நன்றாகப் போகிறது, இன்ஜின் கத்தாமலே வேகம் பிடிக்கிறது என்றான். அண்ணியையும் என்னையும் ஏற்றிக்கொண்டு சாந்தோம் வரை போய்வந்தான். எனக்கும் அது நல்ல வண்டியாகவே பட்டது.

மணலில் வேலை தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஃபோர் வீல் போட்டால் ஸ்டீரிங் கல்லாகிவிடுகிறது என்றான். யாரோ முன்னாலிருந்து பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது என்றான். மணலிலிருந்து ரோட்டுக்கு ஏறிய பிறகு அந்தக் குட்டைக் கம்பியைப் பழைய இடத்துக்கு இழுத்தால் வராது. வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் ‘டக்’கென்று விடும். அதற்குள் டயர்கள் தேய்ந்துபோயின. முன்பக்கத்து ஷாஃப்டின் மூட்டு உடைந்தது. மாற்றினார்கள், மறுபடி உடைந்தது. ஒரு தடவை நடுவில் இருக்கிற கியர் பெட்டியில் இரண்டு பல் உதிர்ந்து எண்ணெயோடு வந்தது. ஒவ்வொரு தடவையும் பாய் கழற்றிப் பார்ப்பார், உடைந்ததை மாற்றுவார், உப்புத் தண்ணியும் ஓவர் லோடும்தான் காரணம் என்பார். அவர் சொன்னதை நாங்கள் நம்பினோம். அவரும் அதை நம்பித்தான் சொன்னார்.

வண்டி பட்டறையில் நிற்கிற நாட்களில் ஆட்கள் பழையபடி கையால் போட்டை ஏற்றினார்கள். முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு கிண்டல் நின்று வேறு பேச்சு வந்தது. அண்ணன் கை ராசியில்லாத கை என்றார்கள். கடல் அவனை வேண்டாமென்று சொன்னது, இப்போது வண்டியும் சொல்கிறது என்று ஒருவர் டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். அன்றைக்கு அவரோடு சண்டைக்குப் போனது அண்ணியின் தம்பிதான். எங்கே போனாலும் அவன் எங்கள் அண்ணனுக்காகப் பேசுவான். என் போட்டை மாமாதான் இழுக்கணும், வேறு யாரும் கயிற்றைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக நிற்பான்.

அண்ணன் தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்தது அப்போதுதான் என்று இப்போது நினைக்கிறேன். முன்பெல்லாம் வண்டியைப் பற்றி ஓயாமல் பேசுகிறவன், பேசுவதைக் குறைத்துக்கொண்டான். கிளட்சைச் சரியாக விடுகிறேனா, நீ கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து பார் என்று ஒருநாள் என்னிடம் கேட்டான். வண்டி ஓட்டத் தெரியாத என்னிடம். நானும் உட்கார்ந்து பார்த்தேன். அவன் கால் எப்போதும் போலத்தான் இருந்தது. சரியாத்தான் விடுற என்றேன். அவன் தலையாட்டினான், ஆனால் நம்பவில்லை.

அந்த வருஷ மழையில் புயல் எச்சரிக்கை வந்தது. எங்கள் பக்கம்தான் கரையைக் கடக்கும் என்று டிவியில் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். அலை மணலை அறுத்துக்கொண்டு வந்தது. வழக்கமாகப் போட்டுகள் நிற்கிற இடம் வரை தண்ணீர் வந்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, எல்லாப் போட்டுகளையும் ரோட்டைத் தாண்டி வீடுகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மணல் முடிகிற இடத்தில் ரோட்டுக்கு ஏறுவதற்கு ஒரு சிமென்ட் சரிவு உண்டு. அதுவரை அண்ணன் அதில் போட்டை இழுத்து ஏற்றியதே இல்லை. மணலோடு நிறுத்திக்கொள்வான்.

கையால் இழுக்க நேரமில்லை. அத்தனை நாள் ராசியில்லாதவன் என்று சொன்னவர்களே வந்து கூப்பிட்டார்கள். அண்ணன் தயங்கினான். “மணல்ல ஓகே. சிமெண்ட்ல ஃபோர் வீல்ல ஏத்துனா வண்டி மக்கர் பண்ணுது, இன்னான்னே தெரில” என்றான். ஃபோர் வீல் போடாமல் இழுத்துப் பார்த்தான். ஈரச் சரிவில் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. வேறு வழியில்லாமல் ஃபோர் வீல் போட்டுவிட்டான்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்ததால் நானும் கரையில்தான் இருந்தேன். அண்ணியும் மற்ற பெண்களும் வலைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் சில போட்டுகள் ஏறிவிட்டன. ஒவ்வொரு தடவையும் ஜீப் சரிவின் உச்சியில் முரண்டு பிடித்து நின்றது. நாலு சக்கரமும் சிமென்டில் ஏறியதும் டயர்கள் கிரீச்சிட்டன. அண்ணன் கொஞ்சம் பின்னால் விட்டு, மறுபடி முன்னால் எடுத்து, ஒரு மாதிரி ஏற்றினான்.

அடுத்ததாக அண்ணி தம்பியின் போட்டு. அவனே பின்னால் நின்று அடியில் உருளைக் கட்டைகளை எடுத்து எடுத்துப் போட்டான். அவனுக்குப் பின்னால், ஏற்ற வேண்டிய இன்னொரு போட்டு சரிவின் அடியில் காத்திருந்தது. தள்ளி நில்லுடா என்று ஒரு பெரியவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கட்டை வழுக்குது, நான் பாத்துக்குறேன் என்றான்.

ஜீப் உச்சிக்குப் போனது. பெரிய சத்தம் கேட்டது, இரும்புப் பெட்டிக்குள் கல்லை எறிந்த மாதிரி. இன்ஜின் சும்மா கத்தியது, சக்கரங்கள் நின்றுவிட்டன. பிறகு போட்டின் கனம் ஜீப்பைப் பின்னால் இழுத்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தான். சக்கரம் பிடித்துக்கொண்டும் ஈரமும் மணலும் கலந்த சிமென்டில் வண்டி வழுக்கி, ஓர் ஆள் நீளம் வந்து நின்றது. அவ்வளவுதான் வந்தது. இரண்டு போட்டுகளுக்கும் நடுவில் அண்ணியின் தம்பி மாட்டிக்கொண்டான்.

அவன் கத்தவில்லை. மூச்சுவிட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினான். எல்லோரும் சேர்ந்து போட்டைத் தூக்கினார்கள். அண்ணன் ஓடிவந்து அவனை மடியில் போட்டுக்கொண்டான். அவன் ஏதோ சொல்ல வந்தான். “மாமா, வண்டி...” என்றான். மீதி வரவில்லை. ஆஸ்பத்திரியில் அன்றைக்குச் சாயங்காலமே இறந்துவிட்டான்.

புயல் எங்கள் பக்கம் வரவில்லை. வடக்கே திரும்பி ஆந்திராப் பக்கம் போய்விட்டது. மறுநாள் காலையில் நல்ல வெயில். மணலிலேயே விட்டிருந்த சில பழைய போட்டுகள் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தன.

போலீஸ் கேஸ் ஆனது. வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி பிரேக்கைப் பார்த்தார். பிரேக் நன்றாக வேலை செய்தது. அது அண்ணனுக்கு எதிராகப் போய்விட்டது. பிரேக் சரியாக இருக்கும்போது வண்டி ஏன் பின்னால் வந்தது, ஓட்டியவன் மிதிக்கத் தாமதித்திருக்கிறான் என்று ஆனது. கியர் பெட்டி உடைந்திருக்கிறதே என்று நான் கேட்டேன். கண்டபடி ஓட்டினால் உடையத்தான் செய்யும் என்றார். கோர்ட்டில் நாங்கள் வைத்த வக்கீல் அண்ணனிடம் எதையும் ஒப்புக்கொள்ளாதே, காலம் எடுக்கும், ஆனால் வாதாடலாம் என்று எவ்வளவோ சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. நீதிபதி கேட்டவுடனே தப்பு என்னுதுதான் என்று சொல்லிவிட்டான். வீட்டுக்கு வந்து ஏன் அப்படிச் சொன்னாய் என்று அழுதேன். “என் காலு லேட்டாச்சி பாப்பா. எனக்குத் தெரியும்ல” என்றான். லேட்டாகவில்லை, நான் பார்த்தேன் என்றேன். நீ தங்கச்சி, அப்படித்தான் சொல்லுவ என்றான்.

சில மாதங்கள் ஜெயிலில் இருந்தான். லைசென்ஸும் போய்விட்டது. அவன் உள்ளே போகிறதுக்கு முன்பே அண்ணி தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. காரியத்துக்குப் போனவள், அம்மாவைத் தனியாக விட முடியாமல் அங்கேயே இருந்துவிட்டாள். அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரே மகன். எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் வாசல்படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் இரண்டு தடவை போய் வாசலில் நின்று திரும்பினேன்.

வெளியே வந்த அண்ணனால் குப்பத்தில் இருக்க முடியவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவன் வருகிறபோது பேச்சை நிறுத்தினார்கள், அதுவே போதுமாக இருந்தது. பெருங்குடியில் ஒரு ஐ.டி. கம்பெனிக் கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. கட்டடத்துக்குப் பின்னாலேயே தகரக் கூரை போட்ட அறையில் மற்ற ஆட்களோடு தங்கிக்கொண்டான். காற்று தெற்கேயிருந்து திரும்பினால் குப்பைமேட்டுப் புகை அந்த அறைக்குள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை குழம்பு எடுத்துக்கொண்டு நான் போவேன். சாப்பிடுவான். மீன் நல்லாருக்கு என்பான். வேறு பேச்சு இருக்காது.

கேஸ் முடிந்து போலீஸ் திருப்பிக் கொடுத்த ஜீப் எங்கள் வாசலிலேயே நின்று இற்றுக்கொண்டிருந்தது. காலையில் வேலைக்குப் போகும்போது அதைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு கட்டத்தில் என்னால் முடியவில்லை. பாய்க்கு போன் செய்து, எடுத்துக்கொண்டு போய் உடைத்துவிடுங்கள் என்றேன். அவர் ஆள் வைத்துக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் பாயிடமிருந்து போன் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பட்டறைக்கு வரும்படி சொன்னார். குரல் வேறு மாதிரி இருந்தது. போனேன். பட்டறையில் மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பியிருந்தார். பெஞ்சின் மேல் எண்ணெய் துடைத்த இரண்டு பல் சக்கரங்கள் இருந்தன. இரண்டும் சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒன்று ஜீப்பின் முன் ஆக்சிலில் இருந்தது, இன்னொன்று பின் ஆக்சிலில் இருந்தது என்றார். பார்ட் பார்ட்டாக விற்கலாமென்று இப்போதுதான் முதல் தடவையாக இரண்டு ஆக்சிலையும் ஒன்றாகத் திறந்தாராம்.

“எண்ணிப் பாருமா” என்றார்.

முன்னால் இருந்ததில் நாற்பத்து மூன்று பல். பின்னால் இருந்ததில் முப்பத்தொன்பது. நான் மறுபடி எண்ணினேன். எனக்கு அது என்ன என்று புரியவில்லை. பாய் ஸ்டூலில் உட்கார்ந்தார். இன்ஜினிலிருந்து வருகிற சுற்று ஃபோர் வீல் போட்டதும் முன்னாலும் பின்னாலும் ஒரே அளவாகப் போகும், அந்தச் சுற்றைச் சக்கரத்துக்குக் கொடுப்பது இந்தப் பல் சக்கரங்கள், இரண்டிலும் பல் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று விளக்கினார்.

“முன்னாடி வீலு ஒரு ரவுண்டு முடிக்கிறதுக்குள்ள பின்னாடி வீலு அதத் தாண்டிப் போய்டும்மா. பின்னாடி தள்ளும், முன்னாடி புடிக்கும். மணல்ல டயர் வழுக்கி வழுக்கி சரி பண்ணிக்கினு ஓடும். சிமெண்ட்ல வழுக்க எடம் ஏது? அந்த முறுக்கு எல்லாம் நடுப் பொட்டில போய் ஏறிக்கும். ஏறி ஏறி ஒரு நாள் உட்டுடும்.”

ரோட்டில் வெறும் பின்சக்கர இழுப்பில் ஓடும்போது ஒன்றும் தெரியாது, ஆகவேதான் நன்றாகப் போகிறதென்று நாம் சந்தோஷப்பட்டோம் என்றார். ஜீப் என்றால் ஜீப், ஆக்சில் என்றால் ஆக்சில் என்று எடுத்து வந்து மாட்டிவிட்டதாகவும், ஒரே மாதிரி உறைக்குள் வேறு வேறு பல் போட்டு வந்திருக்கும் என்று தெரிந்தும் அன்றைக்குத் திறந்து பார்க்கவில்லை என்றும் சொன்னார். பிறகு எத்தனை தடவை உடைந்து வந்தது, எல்லாத் தடவையும் உடைந்ததைத்தானே பார்த்தேன் என்றார். “நான்தாம்மா மாட்டுனேன். தம்பி ஜெயிலுக்குப் போச்சி” என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் அந்த மனிதர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அண்ணனிடம் தானே நேரில் சொல்ல வேண்டும் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பெருங்குடிக்குப் போனோம். அவர் இரண்டு சக்கரங்களையும் ஒரு கோணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டடத்துக்குப் பின்னால், வேலி ஓரத்தில் வைத்து எடுத்துக் காட்டினார். என்னிடம் சொன்ன மாதிரியே ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

அண்ணன் சக்கரத்தைக் கையில் வாங்கினான். பல்லின் மேல் கட்டைவிரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு போனான். இப்போது நிமிர்ந்து பார்ப்பான், அவன் முகத்தில் ஏதாவது மாறும் என்று நான் காத்திருந்தேன். அத்தனை நாள் என் கால், என் கால் என்று சொன்னவனுக்கு அது கால் இல்லை என்று காட்டிவிட்டோம். கையோடு அவனைக் குப்பத்துக்குக் கூட்டிப்போய்விடலாம் என்றுகூட பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன்.

அவன் சக்கரத்தைக் கோணிப்பை மேல் வைத்தான்.

“அப்போ, ஆக்சில் மாத்துன நாள்லேருந்து அது சொல்லிக்கினேதான் இருந்துருக்கு பாய்” என்றான். “ஸ்டீரிங் கல்லாச்சி. கம்பி வரல. டயரு போச்சி. தெனம் கையில புடிச்சிக்கினு இருந்தவன் நான். எனக்குக் கேக்கல.”

உனக்கு எப்படித் தெரியும் என்று பாய் கேட்டார். காரணம் தெரியாதுதான், ஆனால் சிமெண்டில் வண்டி மக்கர் பண்ணுகிறது என்று என் வாயாலேயே சொல்லிவிட்டுத்தானே ஏற்றினேன் என்றான். நான் ஏதேதோ சொன்னேன். பாய் எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அதை விடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. “நீ இத்த மனசுல வெச்சிக்காத பாய். ஒரு ஆளு வெச்சிக்கினது போதும்” என்று மட்டும் சொன்னான்.

வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அவன் தானே ஒப்புக்கொண்டு தண்டனையும் முடித்துவிட்டான், வண்டியையும் உடைத்துவிட்டீர்கள், இந்தப் பல் அந்த வண்டியில்தான் இருந்தது என்று யார் நம்புவார்கள் என்றார். சரியாகத்தான் சொன்னார். குப்பத்தில் ஒன்றிரண்டு பேரிடம் சொன்னேன். உச்சுக்கொட்டினார்கள். அதற்குள் அவர்கள் ஒரு டிராக்டர் வாங்கியிருந்தார்கள்.

அண்ணியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மண்டபத்தின் பின்வாசலில் காத்திருந்து பார்த்தேன். இளைத்திருந்தாள். கை முழுக்கச் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். பல் கணக்கைக்கூட விடாமல் சொன்னேன்.

“அவருக்கு இது தெரியுமா?”

“தெரியும் அண்ணி. நாங்க போய்ச் சொன்னோம்.”

“தெரிஞ்சும் வரலையா?”

அவள் அவனுக்காகக் காத்திருந்தாள் என்பதே எனக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. ஜெயிலிலிருந்து வந்த அன்றைக்கு வருவான் என்று நினைத்தாளாம். அம்மா அடித்துத் துரத்தினாலும் வாசலில் வந்து நிற்பான் என்று நினைத்தாளாம். அவன் வரவில்லை. தப்பு செய்தவன், முகத்தில் முழிக்க முடியாமல் இருக்கிறான் என்று விட்டுவிட்டாள். இப்போது தப்பில்லை என்று தெரிந்த பிறகும் வராதவனை என்ன நினைப்பது என்று கேட்டாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

இதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். போய்ப் பார் என்று கெஞ்சினேன். அவளுடைய அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது என்றான். அவங்களுக்கு இந்தப் பல்லக் காட்டினா புள்ள கெடச்சிடுமா என்றான். அதற்குமேல் பேச விடவில்லை.

போன வருஷம் பட்டினப்பாக்கத்தில் அவர்கள் இருந்த பழைய குடியிருப்பை இடிக்கப் போகிறார்கள் என்று எல்லோரையும் காலி செய்யச் சொன்னார்கள். அண்ணிக்கும் அவள் அம்மாவுக்கும் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்தார்கள், எட்டாவது மாடியில். அங்கிருந்து மயிலாப்பூர் வேலைக்குத் தினமும் பஸ்ஸில் வருகிறாள். அந்த பஸ் பெருங்குடி வழியாகத்தான் வரும்.

ஒருநாள் எனக்கு போன் செய்தாள். அவளாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பஸ் சிக்னலில் நின்றபோது அண்ணனைப் பார்த்ததாகச் சொன்னாள். கட்டட வாசலில் நீல யூனிஃபார்மில் நின்றுகொண்டு, ஒரு காருக்காகக் கேட்டைத் திறந்து விட்டானாம். தலையெல்லாம் நரைத்துவிட்டதே என்றாள். இறங்கியிருக்கலாமே என்றேன். “எறங்கிடலாம்னு எந்திரிச்சேன். கூட்டம். அதுக்குள்ள வண்டி எடுத்துட்டான்” என்றாள். பிறகு, அவன் எந்நேரம் வாசலில் நிற்பான் என்று கேட்டாள். காலை டியூட்டிதான் என்றேன். சரி என்று போனை வைத்துவிட்டாள்.

அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு சொன்னேன். அண்ணி தினமும் அந்த பஸ்ஸில் போகிறாள், உன்னைப் பார்த்தாள், இறங்க நினைத்தாள் என்றேன். அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எந்தப் பக்கத்து ஜன்னல் என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். எத்தனை மணி பஸ் என்று கேட்டான். எட்டு மணிவாக்கில் என்றேன். அன்றைக்கு பஸ் ஸ்டாப் வரை என்கூட வந்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு நான் போனபோது முன்வாசலில் வேறு ஆள் நின்றார். அண்ணன் எங்கே என்று கேட்டேன். சூப்பர்வைசரிடம் கேட்டு டியூட்டியை மாற்றிக்கொண்டுவிட்டார், இனிமேல் பின் கேட்தான், ரோட்டைப் பார்க்காது, நீங்க சுத்திக்கினு போகணும் என்றார். நான் குழம்புத் தூக்கை எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றிப் போனேன்.